கிறவல் கொட்ட முதல்: ஒதுக்கிடத்தை ஒட்டி வரும் வீட்டுத்திட்டத்துக்கு ஆட்சேபனை சொல்வது எப்படி

ஒதுக்கிடம், அதாவது பறவைக்கும் காட்டுக்கும் என்று சட்டம் ஒதுக்கி வைத்த இடம், ஒன்றை ஒட்டிக் கடனீரேரிக் கரையில் நாலு கல்லு நட்டு, 'வீட்டுக்காணிகள் விற்பனைக்கு' என்று ஒரு பலகை எழும்பியதும் ஊரில் மூன்று கதைகள் கிளம்பும். "உறுதிக்காணி, அவர் என்னவும் செய்யலாம், நாங்கள் ஆர் கேட்க?" என்பது ஒன்று. "பறவைகள் இருக்கிற இடம் எல்லைக்கல்லுக்கு அங்காலை, கட்டுறது இங்காலை, பிறகென்ன?" என்பது இரண்டாவது. "ஆயிரம் கையெழுத்தோடை ஒரு மகஜர் குடுத்தால் நிப்பாட்டுவினம்" என்பது மூன்றாவது.

முதலாவது பாதி பிழை. இரண்டாவது முழுப்பிழை. ஆகக் கூடிய சேதம் செய்வது மூன்றாவதுதான். கையெழுத்துக்குத் திரியும் மூன்று வாரத்துக்குள், எழுத்தில் ஆட்சேபனை சொல்வதற்குச் சட்டம் தந்த 30 நாட்களில் பெரும்பகுதி கரைந்துவிடும். அனுமதி கொடுக்கும் அலுவலகத்தில் ஆட்களை எண்ணுவதில்லை. கோப்பில் என்ன காரணம் இருக்கிறது, அது எந்தத் திகதியில் வந்தது என்றுதான் பார்க்கிறார்கள். அந்தக் கோப்பு எப்படி உருவாகிறது, அதற்குள் ஊர்ச்சனம் எந்த இடத்தில் கைவைக்கலாம் என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

அயல்வளவுக் குழியும் உங்கள் கிணறும்

யாழ்ப்பாணத்தில் இதைப் பறவையிலிருந்து தொடங்கத் தேவையில்லை. கிணற்றிலிருந்து தொடங்கலாம்.

பக்கத்து வளவுக்காரர் தன் காணிக்குள், தன் காசில், எல்லை வேலியிலிருந்து இரண்டு முழம் தள்ளி மலசலகூடக் குழி வெட்டுகிறார். உங்கள் வேலியைத் தாண்டவில்லை, ஒரு கதியாலைக்கூட அசைக்கவில்லை. ஆனாலும் உங்கள் கிணறு கெட்டுப்போகும். வலிகாமத்தில் நிலத்துக்கு அடியில் கிடப்பது சுண்ணக்கல். அது நிறைய வெடிப்பும் பொந்தும் கொண்டது. மணலுக்குள் இறங்கும் தண்ணீர் வடிபட்டுப் போகும். சுண்ணக்கல் வெடிப்புக்குள் இறங்கும் தண்ணீரோ குழாய்க்குள் போவதுபோல ஓடிவிடும். அதனால்தான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் கிணற்றுக்கும் குழிக்கும் எவ்வளவு தூரம் என்று முதலில் கேட்கிறார். குழி வெட்டிய காணி ஆருடையது என்பது அவருக்குப் பிறகுதான்.

ஒதுக்கிடத்துக்கும் அதை ஒட்டி வரும் வீட்டுத்திட்டத்துக்கும் உள்ள உறவு இதுவேதான், அளவுதான் பெரிது. அதன் நடுவில் இருப்பது நன்னீர் வில்லை. மழைநீர் நிலத்துக்குள் இறங்கி, அடியில் நிற்கும் உப்பு நீருக்கு மேல் மிதக்கிறது. நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்து கண்ணாடி வில்லையின் வடிவத்தில் நிற்பதால் அந்தப் பெயர். கடல்நீர் நன்னீரைவிடக் கொஞ்சம்தான் பாரம். அதனால் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும். இதைத் திருப்பிப் பார்த்தால்தான் ஆபத்து விளங்கும்: இறைத்து இறைத்து நீர்மட்டத்தை ஒரு அடி இறக்கினால், அடியிலிருந்து உப்பு 40 அடி மேலே ஏறும். கடனீரேரிக் கரையில் வில்லை ஏற்கெனவே மெல்லியது. அங்கே இந்தக் கணக்கு ஒரு கோடைக்குள்ளேயே வாளியில் தெரிந்துவிடும்.

வடமராட்சி கிழக்கில், மணற்காடு பக்கத்தில், நன்னீர் நிற்பது மணல்மேடுகளுக்குள். அங்கே வீடு கட்ட மேட்டை மட்டமாக்கினால் தண்ணீரோடு அது நிற்கும் பாத்திரமும் போய்விடும்.

எல்லையைத் தாண்டுவது நீர் மட்டுமல்ல. கரையில் நிலத்தை உயர்த்தினால் கார்த்திகை வெள்ளம் வேறு பக்கம் தள்ளுப்படும். இராவிராவாக எரியும் தெருவிளக்கு, பட்டம், பாட்டு எல்லாவற்றையும் சொல்லலாம், ஆனால் இவை எல்லாவற்றையும்விட மோசமானது நாய். ஆட்காட்டி, ஆலா போன்ற பறவைகள் வெறுந்தரையில் ஒரு சிறு பள்ளம் கிண்டி முட்டையிடுகின்றன. முட்டை ஊரிக்கல்லு நிறத்தில் இருப்பதால் மனிதக் கண்ணுக்குத் தெரியாது. நாய்க்கு மூக்கு இருக்கிறது. 150 வீடு வந்தால் எத்தனை நாய் வரும் என்பதை எந்த அறிக்கையிலும் காண்பது அரிது.

சுருக்கமாக: கேடு எல்லைக்கல்லைப் பார்த்து நிற்பதில்லை. சட்டமும் இதை ஏற்றுக்கொள்கிறது. எல்லைக்கு வெளியேயும் சில கோடுகளைக் கீறி வைத்திருக்கிறது. அந்தக் கோடுகளுக்குப் போக முதல் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்க்க வேண்டும்.

சரணாலயம், பூங்கா, ஒதுக்கிடம்: பெயரில்தான் சங்கதி

ஊர்வழக்கில் எல்லாமே 'பறவைக் காப்பகம்'தான். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தில் அவை வேறுவேறு.

தேசிய ஒதுக்கிடம் என்பது அந்தச் சட்டத்தில் ஒரு குடும்பப் பெயர் மாதிரி. தேசிய பூங்கா, இயற்கை ஒதுக்கிடம், கடல்சார் ஒதுக்கிடம் என்பவை அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள். சரணாலயம் அந்தக் குடும்பத்தில் இல்லை. சரணாலயத்துக்குள் தனியார் காணி இருக்கலாம். அங்கே கட்டுப்பாடு இலேசானது.

சுண்டிக்குளத்தை எடுத்துக்கொள்வோம். 1938இல் அது சரணாலயம். 2015இல் தேசிய பூங்காவானது. உள்ளே நிற்கும் கண்டலும் உமரியும் அதேதான், மாரிக்கு வரும் பூநாரையும் அதேதான். ஆனால் அன்றிலிருந்து அதைச் சுற்றியுள்ள காணிகளுக்கு வேறொரு விதி பொருந்துகிறது. வடமராட்சி கிழக்கில் நாகர்கோவில் இயற்கை ஒதுக்கிடம், நெடுந்தீவில் தேசிய பூங்கா என்று குடாநாட்டுப் பக்கம் இருப்பவையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. ஆகவே முதல் வேலை, உங்கள் ஊர் இடம் எந்தப் பெயரில் வர்த்தமானியில் வந்தது என்று பார்ப்பது. வர்த்தமானியின் அட்டவணையில் வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு எல்லைகள் எழுத்தில் இருக்கும். கடதாசியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்ன எல்லைக்கு மதிப்பில்லை.

இங்கே கசப்பான ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். போர் முடிந்தபின் வந்த வர்த்தமானிகளில் தங்கள் வயலும் மாடு மேய்ந்த தரவையும் எல்லைக்குள் இழுபட்டுவிட்டன என்ற கோபம் வடக்கில் பல இடங்களில் இருக்கிறது. அதில் நியாயமும் இருக்கிறது. வீட்டுத்திட்டத்தை எதிர்ப்பவர்கள் கமக்காரர் அமைப்போடும் கடற்றொழிலாளர் சங்கத்தோடும் முதலிலேயே கதைக்காவிட்டால், கூட்டத்தில் முதல் ஆளாக எழும்பி எதிர்ப்பது அவர்களாகத்தான் இருக்கும். 'வனசீவராசித் திணைக்களத்தின் ஆட்கள்' என்ற பெயர் ஒருமுறை ஒட்டினால் கழுவ முடியாது.

எல்லை நிரந்தரமானது என்றும் நினைக்கக்கூடாது. மன்னார் விடத்தல்தீவு இயற்கை ஒதுக்கிடம் 2016இல் பிரகடனமானது. 2024 மே மாதத்தில் அதன் ஒரு பகுதியை விடுவிக்கும் வர்த்தமானி வந்தது. உயர் நீதிமன்றம் அதே ஆண்டு அதை இடைநிறுத்தியது. வர்த்தமானியால் வந்தது வர்த்தமானியால் போகவும் கூடும்.

நாலு கோடுகள்

ஒரு காணியின் மீது எந்த அலுவலகத்துக்கு அதிகாரம் உண்டு என்பது அது எந்தக் கோட்டுக்குள் விழுகிறது என்பதில் தங்கியிருக்கிறது. உறுதி உங்கள் பெயரில் இருக்கலாம், வரி கட்டியிருக்கலாம்; அதனால் கோடு மாறாது.

ஒரு மைல் கோடு. தேசிய ஒதுக்கிடம் ஒன்றின் எல்லையிலிருந்து ஒரு மைலுக்குள், அதாவது 1.6 கிலோமீற்றருக்குள், எந்த அபிவிருத்தி வேலைக்கும் வனசீவராசிகள் பாதுகாப்புப் பணிப்பாளர் நாயகத்தின் எழுத்துமூல முன் அனுமதி வேண்டும். மேலே சொன்ன கட்டளைச் சட்டத்தின் 9அ பிரிவு இது. தனியாருக்கும் அரச நிறுவனங்களுக்கும் ஒன்றுபோலப் பொருந்தும். குடாநாட்டில் ஒரு மைல் என்பது பல இடங்களில் அரை ஊர். ஆகவே பலமான கோடு இதுதான், ஆகக் குறைவாகத் தெரிந்த கோடும் இதுதான்.

100 மீற்றர் கோடு. சரணாலயத்தின் எல்லையிலிருந்து 100 மீற்றருக்குள் வரும் திட்டங்களுக்கு, அளவு சிறிதாக இருந்தாலும், சூழல் அனுமதிச் செயன்முறை பொருந்தக்கூடும். இதைத் தீர்மானிப்பது 1993ஆம் ஆண்டின் 772/22ஆம் இலக்க அதிவிசேட வர்த்தமானி.

கரையோரக் கோடு. கடலின் சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் கரையோர வலயம். கடலோடு தொடுபடும் கடனீரேரிகளின் ஓரத்தில் ஒரு பட்டியும் 2011 திருத்தத்தோடு இதற்குள் வந்தது. இதற்குள் கட்ட கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் தேவை.

வயல் கோடு. காணி நெற்காணியாகப் பதியப்பட்டிருந்தால், 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி கமநல ஆணையாளர் நாயகத்தின் அனுமதியில்லாமல் நிரப்பக்கூடாது. கமநல சேவைகள் நிலையத்தில் நெற்காணிப் பதிவேடு இருக்கிறது. பத்து வருடமாக விதைக்கவில்லை என்பதால் அது வயல் இல்லை என்று ஆகிவிடாது.

தூரம் அளப்பதில் எல்லாரும் விடும் பிழை ஒன்று உண்டு. தெருவழியே மோட்டார் சைக்கிளில் போய் மீற்றரைப் பார்த்து 'இரண்டு கிலோமீற்றர் வருது' என்று விட்டுவிடுவார்கள். தூரம் நேர்கோட்டில், அதுவும் வளவின் கேற்றிலிருந்து அல்ல, ஒதுக்கிடத்துக்குக் கிட்டவாக உள்ள மூலையிலிருந்து. கைத்தொலைபேசியில் அந்த மூலையில் நின்று ஆள்கூறுகளைக் குறித்து, கூகுள் ஏர்த்தில் அளவுகோலை இழுத்துப் பார்த்தால் முதற்கணக்குக்குப் போதும். தூரம் கோட்டுக்கு மயிரிழையில் இருந்தால் மட்டும் உரிமம் பெற்ற நில அளவையாளர் தேவை.

கலியாணத் தரகரின் குறிப்பும் சூழல் அறிக்கையும்

இனித்தான் ஆகக் கூடக் குழம்பும் இடம்: சூழல் தாக்க மதிப்பீடு, அதாவது திட்டம் சுற்றாடலுக்கு என்ன செய்யும் என்று எழுதிக் கொடுக்கும் அறிக்கை. "அவர்களிடம் சூழல் அறிக்கை இருக்கிறது, இனிச் செய்ய ஒன்றுமில்லை" என்று சொல்லிக் கைவிடுகிறார்கள். அறிக்கை அனுமதி அல்ல. அனுமதி கேட்டுப் போடும் விண்ணப்பத்தின் ஒரு பகுதிதான் அது.

கலியாணம் பேசும்போது தரகர் ஒரு குறிப்புக் கொண்டுவருவார். பெடியன் நல்ல குணம், குடி வெறி இல்லை, கொழும்பில் சொந்த வீடு. குறிப்பில் பொய் இருக்கும் என்றில்லை. ஆனால் அதை எழுதியவருக்குக் காசு கொடுத்தவர்கள் ஆர் என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் குறிப்பை வாங்கி வைத்துவிட்டு, பெடியனின் ஊரில் நாலு பேரிடம் விசாரிப்போம்.

சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைக்குக் காசு கொடுப்பவர் வீடு கட்ட வருபவர். சட்டத்தில் அவருக்குத் திட்ட முன்மொழிவாளர் என்று பெயர். அறிக்கையைப் பார்த்து ஓம் அல்லது இல்லை என்று சொல்லும் அரச நிறுவனம் திட்டத்தை அங்கீகரிக்கும் நிறுவனம். முன்மொழிவாளரும் அங்கீகரிப்பவரும் ஒரே நிறுவனமாக இருக்கக்கூடாது. நடுவில் 'விசாரிப்பு' ஒன்றைச் சட்டமே வைத்திருக்கிறது: வர்த்தமானியிலும், தமிழ், சிங்கள, ஆங்கிலப் பத்திரிகைகளில் ஒவ்வொன்றிலும் அறிவித்தல் போட்டு, 30 நாட்களுக்கு அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, எழுத்துமூலக் கருத்துக் கேட்க வேண்டும். வந்த கருத்துகளுக்கு முன்மொழிவாளர் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். ஊர்ச்சனம் கைவைக்கும் இடம் இந்த 30 நாட்கள்தான்.

இதெல்லாம் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தில், 1988இல் சேர்த்த பகுதியிலிருந்து வருகிறது. எல்லாத் திட்டத்துக்கும் அல்ல, குறித்துரைக்கப்பட்ட திட்டங்களுக்கு மட்டும். 1993 வர்த்தமானிப்படி 1000க்கு மேற்பட்ட வீடுகள், 4 ஹெக்டெயருக்கு மேல் ஈரநிலம் நிரப்புதல், 1 ஹெக்டெயருக்கு மேல் காடு அழித்து வேறு பாவனைக்கு மாற்றுதல் என்று பட்டியல் போகும். 4 ஹெக்டெயர் என்பது எங்கள் கணக்கில் ஏறத்தாழ 158 பரப்பு.

இந்தப் பட்டியலைக் காட்டித்தான் "எங்களுடையது 150 வீடுதானே, ஆயிரத்துக்கு எவ்வளவோ கீழே" என்பார்கள். வீட்டுத்தொகை ஒரு வாசல் மட்டும். நிரப்பும் நிலத்தின் அளவு இன்னொரு வாசல். நிற்கும் இடம் மூன்றாவது வாசல். மேலே சொன்ன ஒரு மைலும் 100 மீற்றரும் அங்கேதான் வேலை செய்கின்றன. மூன்றில் ஒன்றுக்குள் அகப்பட்டாலும் போதும்.

பெரிய தந்திரம் துண்டு போடுவது. 5 ஹெக்டெயரை இரண்டரை இரண்டரையாகப் பிரித்து, இரண்டு பெயரில், ஆறு மாத இடைவெளியில் விண்ணப்பிப்பார்கள். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் 4 ஹெக்டெயருக்குக் கீழே. ஒரே பாதை, ஒரே மின்மாற்றி, ஒரே விற்பனைப் பலகை என்பதைப் படத்தோடு காட்டி, இது ஒரே திட்டம் என்று எழுதுவதுதான் பதில். விற்பனை விளம்பரத்தை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். அங்கீகாரம் கேட்கும்போது 'இரண்டு சிறு திட்டம்' என்று சொன்னவர்கள் விளம்பரத்தில் 'மாபெரும் குடியிருப்பு' என்று எழுதியிருப்பார்கள்.

பாதிப்புக் குறைவு என்று தோன்றும் திட்டங்களுக்கு முழு மதிப்பீட்டுக்குப் பதிலாக ஆரம்பச் சுற்றாடல் பரீட்சிப்பு என்ற சின்ன அறிக்கை கேட்பார்கள். 2000ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இதற்கு 30 நாள் அறிவித்தல் கட்டாயமில்லை. ஆனால் அது பொது ஆவணம், போய்ப் பார்க்கலாம். அறிவித்தல் வரும் என்று பத்திரிகையைப் பார்த்துக்கொண்டிருந்தால், இந்த வகை அறிக்கை உங்களுக்குத் தெரியாமலே முடிந்துவிடும்.

இதுவரை வந்தது: கேடு எல்லை தாண்டும், எந்தக் கோட்டுக்குள் காணி விழுகிறது என்பதைப் பொறுத்து அனுமதி கொடுக்கும் அலுவலகம் மாறும், அறிக்கை என்பது ஒரு தரப்பின் குறிப்பு, எழுதிப் பேச 30 நாள்.

அறிக்கையில் எங்கே பார்ப்பது

அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கம் இருக்கும். முழுதும் வாசிக்க வேண்டாம். நாலு இடத்தைப் பாருங்கள்.

ஒன்று, கள ஆய்வு நடந்த மாதம். புலம்பெயர் பறவைகள் இங்கே நிற்பது ஐப்பசி தொடங்கிப் பங்குனி மட்டும். சைபீரியா, மத்திய ஆசியாப் பக்கமிருந்து வரும் ஊசிவால் வாத்தும் கருவால் மூக்கனும் ஆடி மாதம் தொண்டைமானாற்றிலோ உப்பாற்றிலோ நிற்காது. ஆடி, ஆவணியில் மூன்று நாள் போய், காய்ந்து வெடித்த சேற்றைப் பார்த்துவிட்டு 'குறிப்பிடத்தக்க பறவைகள் காணப்படவில்லை' என்று எழுதினால், அது பொய்யுமில்லை, பயனுமில்லை. உங்கள் பதில், கார்த்திகை, மார்கழியில் அதே இடத்தில் எடுத்த, திகதி பதிந்த படங்கள். இதனால்தான் பலகை எழும்ப முதலே ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கொண்டு மாதத்துக்கொரு தடவை எண்ணி எழுதி வைப்பது பெறுமதியானது.

இரண்டு, தண்ணீர்க் கணக்கு. எடுத்துக்காட்டுக்கு ஒரு கற்பனைத் திட்டம்: 5 ஹெக்டெயர், 150 வீடு. வீட்டுக்கு நாலு பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 120 லீற்றர் என்றால் 150 × 4 × 120 = 72,000 லீற்றர் ஒரு நாளைக்கு. குழாய்நீர் இல்லையென்றால் இது முழுதும் அந்த மெல்லிய வில்லையிலிருந்துதான் வரும். அதில் ஐந்தில் நாலு பங்கு கழிவுநீராகத் திரும்பினால் 57,600 லீற்றர் குழிகள் வழியே நிலத்துக்குள் இறங்கும். எடுப்பது நன்னீர், திருப்பிக் கொடுப்பது நைத்திரேற்று. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்; பசளை போடும் செம்மண் பகுதிக் கிணறுகள் பல ஏற்கெனவே அதைத் தாண்டியவை. அறிக்கையில் 'கிணற்றுநீர் போதுமானது' என்று ஒரு வரி மட்டும் இருந்து, கோடை நீர்மட்டமும் உப்புத்தன்மை அளவும் இல்லையென்றால், அதையே முதல் ஆட்சேபனையாக எழுதலாம்.

மூன்று, நிரப்பும் மண். 5 ஹெக்டெயரை ஒரு மீற்றர் உயர்த்த 50,000 கன மீற்றர் வேண்டும். டிப்பர் ஒன்று 3 கியூப் ஏற்றினால் ஏறத்தாழ எட்டரைக் கன மீற்றர். ஆகவே 5,900 லோட்டுக்குக் கிட்ட. ஒரு நாளைக்கு 40 லோட் ஓடினாலும் ஐந்து மாதம். கிறவல் எந்த ஊர் மேட்டிலிருந்து வருகிறது? எந்த ஒழுங்கையால் வருகிறது? முன்பு அந்தப் பள்ளத்தில் நின்ற வெள்ளம் இனி எங்கே நிற்கும்? 2008 நிஷா புயலில் தண்ணீர் எந்த வீட்டுப் படி மட்டும் ஏறியது என்று அயலில் இன்றும் காட்டுவார்கள். அந்தக் கோட்டை அளந்து படம் எடுங்கள்.

நான்கு, மாற்று வழிகள். குறைந்த பாதிப்புள்ள மாற்று வழிகளையும், அவை ஏன் கைவிடப்பட்டன என்ற காரணத்தையும் அறிக்கை சொல்ல வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. பெரும்பாலும் இந்த அத்தியாயம் அரைப் பக்கம்தான். 'வேறு காணி கிடைக்கவில்லை' என்ற ஒரு வசனம் காரணம் ஆகாது.

ஆட்சேபனைக் கடிதம்

நல்ல கடிதமும் வெறுங்கடிதமும் எப்படி வேறுபடுகின்றன என்பதை இரண்டு வசனத்தில் காட்டலாம்.

வெறுங்கடிதம்: 'இயற்கை அன்னையின் மடியில் தவழும் அரிய பறவைகளின் வாழ்விடத்தை அழிக்கும் இத்திட்டத்தை உடனடியாக நிறுத்துமாறு வேண்டுகிறோம்.'

நல்ல கடிதம்: 'அறிக்கையின் 47ஆம் பக்கத்தில் கள ஆய்வு யூலை மாதத்தில் நடந்ததாக உள்ளது. இணைப்பு 2இல் உள்ள டிசம்பர் படங்கள் அதே இடத்தில் புலம்பெயர் பறவைக் கூட்டங்களைக் காட்டுகின்றன. ஒக்டோபர் முதல் மார்ச் வரையான ஆய்வு இல்லாமல் தீர்மானம் எடுக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்.'

முதலாவதற்கு 'தங்கள் கருத்து கவனத்தில் எடுக்கப்பட்டது' என்று பதில் வரும். இரண்டாவதற்கு ஒருவர் இருந்து பதில் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஒரு கடிதத்தில் ஐந்து காரணத்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் பக்க எண், பிழை, சான்று, என்ன கேட்கிறீர்கள் என்ற வரிசை. ஒரே கடிதத்தில் நூறு பேர் கையெழுத்திட்டால் அது ஒரு கருத்துத்தான். கடற்றொழிலாளர் சங்கம் மீன்குஞ்சும் இறாலும் வளரும் கண்டல் ஓரத்தைப் பற்றியும், கமக்காரர் அமைப்பு உவர் ஏறும் கிணறுகளைப் பற்றியும், சனசமூக நிலையம் வெள்ளத்தைப் பற்றியும் தனித்தனியே எழுதினால் மூன்று கருத்து. மூன்றுக்கும் பதில் வேண்டும்.

அங்கீகரிக்கும் நிறுவனத்துக்கு மூலப்பிரதி. மத்திய சுற்றாடல் அதிகாரசபை, பிரதேச செயலாளர், பிரதேச சபை ஆகியோருக்குப் பிரதிகள். பதிவுத் தபாலில் போட்டுத் துண்டைக் கவனமாக வையுங்கள். நேரே கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள்; "பிறகு வாருங்கோ, ஐயா லீவு" என்றால் தபாற்கந்தோருக்கே போய்விடுங்கள். மகஜரும் கவனயீர்ப்பும் வேண்டாம் என்பதல்ல. அவை பத்திரிகையில் ஒரு படம் வரச் செய்யும், அரசியல்வாதியை அசைக்கும். முதலில் கடிதம், பிறகு பதாகை.

அறிக்கையே இல்லாமல் டிப்பர் வந்தால்

நடைமுறையில் இதுதான் கூட நடப்பது. ஆரிடமும் கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிறவல் கொட்டத் தொடங்கிவிடுவார்கள். நீண்ட விடுமுறை வந்தால் இன்னும் வசதி.

அன்றைக்கே செய்ய வேண்டியது படம், வாகன இலக்கம், நேரம், இடத்தின் ஆள்கூறு. பிறகு கிராம அலுவலருக்கும் பிரதேச செயலாளருக்கும் எழுத்தில் முறைப்பாடு. வயலென்றால் கமநல சேவைகள் நிலையத்துக்கும். தொலைபேசியில் சொன்னது கோப்பில் ஏறாது.

அதோடு, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு. அங்கும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. கேள்வியைச் சரியாகப் போடுவதில்தான் விஷயம் இருக்கிறது. 'இத்திட்டம் சட்டபூர்வமானதா?' என்று கேட்டால் அது அபிப்பிராயம், பதில் வராது. 'இன்ன காணிக்கு 9அ பிரிவின்படி விண்ணப்பம் கிடைத்ததா, கிடைத்த திகதி, விண்ணப்பத்தின் பிரதி, கொடுத்த பதிலின் பிரதி' என்று கேளுங்கள். 'அப்படியான ஆவணம் எதுவும் இல்லை' என்று வரும் பதில்தான் பல வேளைகளில் ஆகப் பெறுமதியான கடதாசி.

நீதிமன்றம் கடைசிப்படி, அதைச் சுருக்கமாகச் சொல்லலாம். திட்டம் மறுக்கப்பட்டால் முன்மொழிவாளருக்குச் சுற்றாடல் அமைச்சின் செயலாளரிடம் மேன்முறையீடு செய்ய வழி இருக்கிறது. அனுமதி கொடுக்கப்பட்டால் ஊர்ச்சனத்துக்கு அப்படி ஒரு படி இல்லை, நேரே நீதிமன்றம்தான். பிழையான தீர்மானத்தை இரத்துச் செய்ய மேன்முறையீட்டு நீதிமன்றில் எழுத்தாணை கேட்கலாம். அடிப்படை உரிமை மீறல் என்றால் உயர் நீதிமன்றம், அதற்குக் கால எல்லை ஒரு மாதம். 'கச்சேரியில் கதைத்துப் பார்ப்போம்' என்று இரண்டு மாதம் போனால் அந்தக் கதவு பெரும்பாலும் மூடிவிடும்.

"நீ அந்தக் காணிக்குப் பக்கத்து வீட்டுக்காரனா, உனக்கென்ன?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது. இயற்கையைப் பாதுகாப்பது ஒவ்வொருவரின் கடமை என்று அரசியலமைப்பின் 28ஆம் உறுப்புரை சொல்கிறது. சுன்னாகத்தில் நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்த விவகாரத்தை 2015இல் பொதுநல வழக்காக உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர் சூழல் அமைப்பு ஒன்றைச் சேர்ந்தவர். 2019 ஏப்ரலில் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. ஆனால் நாலு வருடம் போனது. வழக்கில் வென்றாலும் கிணற்றுக்குள் போனதை அள்ளி எடுக்க முடியாது.

வீடு வேண்டாம் என்பதல்ல

1990இலிருந்து இடம்பெயர்ந்து, சொந்தக் காணி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டு, வாடகை வீட்டிலும் நலன்புரி முகாமிலும் காலம் கழித்த ஆட்கள் இருக்கும் மாவட்டம் இது. இங்கே 'வீட்டுத்திட்டம் வேண்டாம்' என்று மட்டும் எழுதிய பதாகையைப் பிடித்தால், வீடில்லாதவன் முகத்தில் கதவைச் சாத்தியது போலத்தான் படும். கரையோரக் காணியை ஏன் தேர்ந்தார்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் அது பரப்புக்கு விலை குறைவு. நிரப்புச் செலவையும், கோடையில் பவுசர் தண்ணீருக்குக் கொடுக்கும் காசையும், கார்த்திகையில் வீட்டுக்குள் ஏறும் வெள்ளத்தையும் கூட்டினால் அது மலிவில்லை. செலவு விற்றவரிடமிருந்து வாங்கியவருக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஆட்சேபனைக் கடிதத்தோடு, உள்ளே தள்ளி உயரமான நிலத்தில் கிடக்கும் இரண்டு மூன்று மாற்றுக் காணிகளின் பெயரையும் பரப்பையும் இணைத்தால், மாற்று வழிகள் பற்றிய அத்தியாயத்துக்கு அது நேரடிப் பதில். அரச காணி விபரத்தைப் பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் கேட்கலாம்.

எல்லாம் செய்தும் அனுமதி கிடைத்துவிடலாம். அப்போதும் அது வெறும் ஓம் அல்ல, நிபந்தனைகளோடு வரும்: எத்தனை மீற்றர் தள்ளிக் கட்ட வேண்டும், எந்த மதகு அடைபடக்கூடாது, கழிவுநீரை எப்படிச் சுத்திகரிக்க வேண்டும், எந்த மாதங்களில் மண் ஏற்றக்கூடாது. அந்தக் கடிதத்தின் பிரதியைத் தகவல் விண்ணப்பம் போட்டு எடுத்து, நிபந்தனைகளை ஒவ்வொன்றாகத் தனித்தாளில் எழுதி, சனசமூக நிலைய அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். முதல் மாரி மழைக்கு அடுத்த நாள் காலை மதகடிக்குப் போய், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எந்த நிறத்தில் ஓடுகிறது என்று படம் எடுங்கள். செம்மஞ்சளாக ஓடினால் நிரப்பிய கிறவல் கரைந்து கண்டல் வேருக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அன்றைய திகதியோடு அடுத்த கடிதத்தைத் தொடங்கலாம்.